புலனத்தில் வியாபாரம்: முதலில் உறவு, அப்புறம் முறுக்கு

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் தீபாவளி நெருங்கினால் நடக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் உங்கள் வீட்டு முறுக்கை ருசித்தவர் அடுத்த ஆண்டும் தேடி வர வேண்டுமானால், அவர் கைப்பேசியில் உங்கள் நம்பர் இருக்க வேண்டும்.

புலனத்தின் (வாட்ஸ்அப்) 'பிராட்காஸ்ட்' பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதனால் டப்பாவைக் கையில் கொடுக்கும்போதே, "அக்கா, முறுக்குன்னு பேரு போட்டு நம்பரை வச்சுக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். கேட்காதவரைக் குழுவில் இழுத்துப் போடாதீர்கள். தினமும் ரோஜாப்பூவோடு 'காலை வணக்கம்' வேண்டவே வேண்டாம். நானே அவற்றைத் திறப்பதில்லை.

முகநூலில் விலையைப் போடுங்கள். "பி.எம். பண்ணுங்க" என்றால் பாதிப் பேர் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். பூமாலை கட்டுபவர், மருதாணி இடுபவர் இவர்களின் பதிவுகளை நீங்கள் பகிருங்கள். கல்யாண வீட்டு ஆர்டர் அந்த வழியாகத்தான் வரும்.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயரில் 60.

இணையத்தில் பழகிய மொத்த வியாபாரிக்கு முன்பணம் அனுப்புமுன், அவரது வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏமாந்துவிட்டது தெரிந்தால் உடனே மோசடிப் புகார் எண் 997-க்கு அழையுங்கள்.