குறைமாதக் குழந்தைகளும் உயிர்ச்சத்துக்களும்

பால் பிடிக்கும் பருவத்திலேயே கதிரை அறுத்துவிட்டால் களத்துக்கு வந்து சேர்வது பதரே என்பதை உழவர் அனைவரும் அறிவர். கருப்பையில் நாற்பது வாரம் இருந்து முதிர வேண்டிய குழந்தையும், காலம் நிறையுமுன் பிறந்தால், போதிய சத்துச் சேமிப்பின்றியே வந்து சேருகிறது. 37 வாரங்கள் நிறைவதற்குமுன் பிறப்பதைக் குறைமாதக் குழந்தை என்றும், 32 வாரங்களுக்குமுன் பிறப்பதை மிகக் குறைமாதக் குழந்தை என்றும் மருத்துவ நூலார் வகுத்துள்ளனர். அறுத்த கதிரை மீண்டும் தாளில் பொருத்த இயலாது. குழந்தையையோ முறையாகப் பேணி முழு வளர்ச்சிக்குக் கொணர இயலும். அதற்கு வேண்டிய உணவையும் உயிர்ச்சத்தையும் பற்றி இங்கு ஆராய்வோம்.

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன என்று உலக சுகாதார நிறுவனம் முதலிய அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. அவற்றுள் 30 லட்சம் நம் நாட்டில் பிறந்தவை. வேறெந்த நாட்டிலும் இத்தொகை இல்லை. "இது மருத்துவர் பொறுப்பு, ஊராட்சிக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் வினவலாம். குழந்தை மருத்துவமனையில் இருப்பது சில வாரங்களே. அதன்பின் அதன் நலம் வீட்டாரையும் ஊராரையும் பொறுத்தது.

கடைசி மூன்று மாதங்கள்

குதிரில் தானியம் சேர்ப்பது போல, தாயின் உடலிலிருந்து குழந்தை தனக்கு வேண்டிய சத்துக்களைச் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களிலேயாகும். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்திலும் பாஸ்பரஸிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இக்காலத்திலேதான் சேருகிறது. இரும்புச் சத்தும், உடற்கொழுப்பும், அக்கொழுப்பில் கரைந்து நிற்கும் உயிர்ச்சத்துக்களும் அவ்வாறே. ஆகவே ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையின் குதிர் ஏறக்குறைய வெறுமையாகவே உள்ளது. அது வளரும் வேகமோ மிகுதி. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலை அதனுடையது.

நான்கு உயிர்ச்சத்துக்கள்

'ஏ' உயிர்ச்சத்து கண்ணுக்கும் நுரையீரலின் உட்சவ்வுக்கும் இன்றியமையாதது. ஈரலில் சேமிக்கப்படும் இச்சத்து குறைமாதக் குழந்தையிடம் மிகக் குறைவு.

'டி' உயிர்ச்சத்து சுண்ணாம்புச் சத்தை எலும்பில் சேர்க்கத் துணை செய்வது. தாய்ப்பாலில் இது சொற்பமே. இது குறைந்தால் எலும்பு மெலிந்து, சிறு அசைவிலும் முறியக்கூடும். குறைமாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 முதல் 1000 சர்வதேச அலகு வரை ஆறு மாதம் அளிக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

'ஈ' உயிர்ச்சத்து இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையாமல் காப்பது. இதன் குறைவால் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒருவகை இரத்த சோகை உண்டாவதை 1967இல் அமெரிக்க மருத்துவர்களான ஆஸ்கி, பார்னஸ் இருவரும் கண்டறிந்தனர்.

'கே' உயிர்ச்சத்து இரத்தம் உறைவதற்கு வேண்டுவது. தாயிடமிருந்து குழந்தைக்கு இது மிகச் சிறிதே செல்லுகிறது. இக்குறைவால் மூளையில் இரத்தம் கசிந்து உயிரிழப்பு நேரலாம். ஆதலின் பிறந்தவுடன் ஊசி மூலம் 1 மில்லிகிராமும், ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு அரை மில்லிகிராமும் செலுத்துகின்றனர். "பச்சைப் பிள்ளைக்கு ஊசி எதற்கு?" என்று தடுப்பது பெரும் பிழையாகும்.

இவற்றோடு இரும்புச் சத்தும் வேண்டும். தாய்ப்பால் பெறும் குறைமாதக் குழந்தைக்கு இரண்டாம் வாரம் முதல் ஆறாம் மாதம் வரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் தரவேண்டும் என்பது நெறி. ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 3 முதல் 6 மில்லிகிராம் ஆகும். எடை ஏற ஏற அளவும் மாறுவதால் மருத்துவரிடம் மாதந்தோறும் காட்டுதல் அவசியம்.

அளவின் முக்கியத்துவம்

உரம் குறைந்தால் பயிர் வெளுக்கும், மிகுந்தால் கருகும். கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துக்களும் அத்தகையனவே. மிகுதியானால் உடலில் தங்கித் தீங்கு செய்யும். 'ஈ' சத்து நல்லதென்று 1984இல் அமெரிக்காவில் அதனை இரத்தக்குழாய் வழியே செலுத்தும் மருந்தாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு அளித்தபோது, அம்மருந்தினால் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன.

நம் கடைகளில் விற்கும் 'டி' சத்துச் சொட்டு மருந்துகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 400 அலகு உடையதும் உண்டு. 800 அலகு உடையதும் உண்டு. பழைய புட்டிக்குச் சொன்ன அளவைப் புதிய புட்டிக்கும் கொள்வது தவறு. புட்டி மாறுந்தோறும் கேட்டறிக.

மருந்தை இடையில் நிறுத்துவதும் ஆபத்தே. நாம் சுற்றுப்பயணத்தில் ஒரு வீட்டில் மூன்று மாதக் குழந்தையைக் கண்டோம். எட்டாம் மாதத் தொடக்கத்தில் பிறந்த பிள்ளை. "புட்டி தீர்ந்தது, பிள்ளைதான் தேறிவிட்டானே என்று மறுபடி வாங்கவில்லை" என்றார் பாட்டி. குழந்தையின் உள்ளங்கை காகிதம் போல் வெளுத்திருந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார், பிள்ளை பிழைத்தது. அப்பாட்டிக்கு அன்பு குறைவன்று. ஆறு மாதம் என்று யாரும் அவருக்கு அழுத்திச் சொல்லவில்லை.

முதல் உணவு

குறைமாதக் குழந்தைக்கும் தாய்ப்பாலே முதல் உணவு. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுதலும், சர்க்கரைத் தண்ணீரால் சேனை தொடுதலும், கழுதைப்பால் புகட்டுதலும் அறவே ஒழியவேண்டும். இக்குழந்தையின் மெல்லிய குடல் கிருமியைத் தாங்காது.

உறிஞ்சி விழுங்கி மூச்சுவிடும் ஒழுங்கு ஏறத்தாழ 34ஆம் வாரத்தில்தான் அமைகிறது. அதுவரை குழாய் வழியாகவும், பின்னர் நம் வீடுகளில் பழகிய பாலாடையாலும் பால் தருவர். தாய் நாளொன்றுக்கு எட்டு முறையேனும் பால் பீய்ச்சினால்தான் சுரப்பு நிலைக்கும். பால் போதாதவர்க்கு உதவ, 2015ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய தாய்ப்பால் வங்கிகளுள் ஒன்று சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அமைந்தது.

குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் சேர அணைத்து வைக்கும் கங்காரு முறை 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தோன்றியது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இதனைச் செய்யலாம். குழந்தை குளிரில் செலவிடும் சக்தி மிஞ்சி எடையாகிறது. தந்தையும் பாட்டியும் இதனைச் செய்யலாம்.

தாயின் உணவு

நம் சமவெளியில் மரவள்ளி மிகுதியாக விளைகிறது. ஜவ்வரிசி ஆலைகள் பல உள்ளன. நாமக்கல் முட்டை வெளிமாநிலங்களுக்கும் செல்லுகிறது. ஆயினும் ஜவ்வரிசியில் மாவுச்சத்தன்றிப் புரதமோ உயிர்ச்சத்தோ சொற்பமே. கர்ப்பிணிக்கு வேண்டுவன முட்டையும், பருப்பும், முருங்கைக் கீரையும், சுண்ணாம்புச் சத்து நிறைந்த ராகியும் ஆம். அரசு தரும் இரும்பு மாத்திரையை 180 நாள் தவறாது உண்ணுதலும், அதனைக் காப்பி, தேநீருடன் கொள்ளாதிருத்தலும் நன்று. இரத்த சோகை, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கிருமித் தொற்று, மிக இளவயதுக் கர்ப்பம் ஆகியவை குறைப்பிரசவத்திற்கு வழிகோலுவன. இவற்றுட் பெரும்பாலானவற்றை முன்னரே கண்டு தடுக்கலாம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. ஊரில் உள்ள கர்ப்பிணிகளின் முறையான பரிசோதனை நடைபெறுகிறதா என்பதைச் செவிலியரிடம் மாதந்தோறும் கேட்டறிதல்.

2. காலத்திற்கு முன்னரே வலியோ நீர்க்கசிவோ கண்டால் தாமதமின்றி 108 ஊர்தியை அழைக்கச் செய்தல். உரிய நேரத்தில் சேர்ந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைப் பிரசவத்திற்கு முன்பே தாய்க்குச் செலுத்த முடியும்.

3. வீடு திரும்பிய குறைமாதக் குழந்தைக்கு ஆறு மாதம் வரை மருந்து தொடர்கிறதா, எடை ஏறுகிறதா என அங்கன்வாடிப் பணியாளர் வாயிலாகக் கவனித்தல்.

4. 34 வாரத்திற்குமுன் அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை நடைபெறச் செய்தல்.

5. கிராம சபையில் இப்பொருளைப் பேசுதல். குறிப்பாகப் பாட்டிமார் இருக்கும் அவையில் பேசுதல்.

ஊரில் ஆண்டுக்கு இத்தகைய குழந்தைகள் ஓரிருவரே இருக்கலாம். அவ்வொரு வீட்டை நினைவில் வைத்து, மாதம் ஒருமுறை "மருந்துப் புட்டி இருக்கிறதா?" என்று கேட்க ஓர் உறுப்பினர் முன்வந்தால் போதும். அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டுவதில்லை.