புது வேகனைப் பழசாக்குவது எப்படி?

சென்ற ஆண்டுக் கண்காட்சிக்கு நான் செய்து வைத்த ரயில் வேகன் மாதிரி உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அளவு சரி, ஒட்டு வேலையும் சரி. ஆனால் பார்க்க வந்த ஒரு சின்னப் பையன், "அண்ணே, இந்தப் பொம்மை எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டுவிட்டான். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், என் வேகன் ஒரு நாள்கூட வேலை செய்யாத வேகன்!

எந்த ரயில் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல்தான், அதுவும் அகலப்பாதை. ஊட்டி ரயிலைக் குறுகிய பாதை என்று பலர் சொல்வார்கள். அது 1000 மி.மீ. மீட்டர் பாதை. டார்ஜிலிங் ரயில்தான் 610 மி.மீ. அதே 610 மி.மீ. பாதை ஒரு காலத்தில் மூணாறிலும் இருந்தது. 1902-ல் மோனோ ரயிலாகத் தொடங்கி 1908-ல் குறுகிய பாதையான குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோகும், அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே இறக்கிப் போடிக்கு அனுப்புவார்கள். 1924 வெள்ளம் அதை அடியோடு அழித்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். அந்தப் பாதையை மனதில் வைத்துத்தான் மரப்பலகையும் இரும்புச் சட்டமுமாக ஒரு திறந்த வேகன் செய்தேன். 1:20 அளவில் தண்டவாள இடைவெளி 30.5 மி.மீ.

இந்த 1:20 கணக்கைப் பெயிண்ட் அடிக்கும்போதும் மறக்கக்கூடாது. நீங்கள் 1 மி.மீ. கனத்துக்கு அப்பினால் நிஜத்தில் அது 20 மி.மீ. கனத் துரு! ஆகவே மெல்லிய பூச்சு, பல தடவை.

மரத்துக்குப் பெயிண்டே வேண்டாம். வெயில் மரத்திலுள்ள லிக்னினைச் சிதைக்கும், மழை அதைக் கழுவிவிடும், பலகை சாம்பல் நிறமாகும். இதை வீட்டிலேயே செய்யலாம். ஃபிட்டிங் ஷாப்பில் அரம் போடும்போது விழும் இரும்புத்தூளை வினிகரில் இரண்டு நாள் ஊறவிட்டு வடிகட்டுங்கள். (ஹைட்ரஜன் வரும், பாட்டில் மூடியை இறுக்க வேண்டாம்.) பலகையில் கடுந்தேயிலைச் சாயத்தைப் பூசிக் காய்ந்தபின் இந்த நீரைத் தடவினால், தேயிலையின் டானினும் இரும்பும் சேர்ந்து மரம் கண்முன்னே கறுக்கும். தேயிலை ஏற்றிய வண்டிக்குத் தேயிலையாலேயே வயசு!

இரும்பில்தான் நான் ஏமாந்தேன். சட்டம் முழுக்கத் துரு நிறம் அடித்து, பெருமையாக அப்பாவிடம் காட்டினேன். அப்பா லாரியில் சுமடு ஏற்றுகிறவர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலேய் மக்கா, பூராவும் துரு புடிச்சா அது ஓடாத வண்டியாக்கும். சாக்கு உரசுத விளிம்பு மினுங்கும்லா? கொண்டி தட்டுத இடத்துல பெயிண்ட் நிக்குமா?"

மெட்டலர்ஜி புத்தகத்தில் துருவின் ரசாயனம் உண்டு, இது இல்லை. மறுநாள் அவர் வேலை செய்யும் லாரியையே போய்ப் பார்த்தேன். தண்ணீர் தேங்கும் மூலை, இணைப்பு, ரிவெட் அடி, இங்கெல்லாம் துரு. துரு இரும்பைவிட அதிக இடம் எடுப்பதால் உள்ளிருந்து பெயிண்டைத் தள்ளி உரிக்கிறது. ஆள் கையும் சரக்கும் படும் இடம் பளபளப்பு. ரயிலுக்கும் அதே நியாயம்தான். சக்கரத்தின் ஓடும் பரப்பு மினுங்கும், அதன் பக்கவாட்டில் வார்ப்பிரும்பு பிரேக் கட்டையின் பழுப்புத் தூசி, ஆக்சில் பாக்ஸைச் சுற்றி எண்ணெயில் ஒட்டிய கறுப்பு அழுக்கு.

உரிந்த பெயிண்டுக்கு நம்ம ஊர் உப்பே போதும். முதலில் ரெட் ஆக்சைடு. அது காய்ந்ததும், துரு வேண்டிய இடத்தில் மட்டும் ஈரம் தொட்டுப் புத்தளம் கல்லுப்பைத் தூவுங்கள். உப்பு காய்ந்தபின் மேல் நிறம். அதுவும் காய்ந்ததும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து உள்ளே துரு தெரியும். மிச்ச உப்பை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் தகரம் நிஜமாகவே துருப்பிடிக்கும்! கடைசியாகச் செங்கல் பொடியைத் துணியில் சலித்து அடிப்பாகத்தில் மட்டும் லேசாகத் தட்டுங்கள். தண்ணீர் கலந்த ஃபெவிகால் அதைப் பிடித்துக்கொள்ளும்.

விளிம்புகளைப் பென்சில் முனையால் தேய்த்து மினுங்க வைத்தேன். எங்கெங்கே என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டினார். வேகன் இந்த ஆண்டுக் கண்காட்சியிலும் இருக்கும். வந்து பாருங்கள்.