எழுத்து வரவில்லை என்றால் செகிஞ்சானுக்குக் கார் எடுக்காதீர்கள்

பள்ளி விடுமுறை வந்தால் தஞ்சோங் காராங்கிலிருந்து சபாக் பெர்ணாம் வரை ஐந்தாம் எண் சாலையில் வெளியூர்க் கார்கள் பெருகிவிடும். பெரும்பாலானவை செகிஞ்சானில் நெல்வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பும். ஒன்றிரண்டு இன்னும் வடக்கே ஏறி எங்கள் பாகான் நக்கோடா ஓமார் கடற்கரை வரை வரும். அந்தக் கார்களில் சிலவற்றின் பின்னிருக்கையில் படிவம் நான்கோ ஐந்தோ படிக்கிற பிள்ளை ஒன்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். சிறுகதைப் போட்டிக்கு இறுதி நாள் நெருங்கியிருக்கும். "எழுத வரமாட்டேங்குதாம் சார், கொஞ்சம் காத்து வாங்கினா வரும்னு கூட்டியாந்தோம்" என்பார் அப்பா. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லி என் வீட்டு வாசலிலும் வண்டி நிற்கும். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நன்றாகத் தூங்கு, நிறைய வாசி, மாலையில் நட, கைத்தொலைபேசியைத் தள்ளி வை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. செய்தால் பலன் உண்டு. அவற்றுக்கு மேல் கையில் இருக்கும் வழிகளில் எதை எடுப்பது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் முகாமுக்குப் போனான் என்று ஒருத்தி போகிறாள். டியூஷன் ஆசிரியர் கொடுத்த நூறு அழகிய தொடக்கங்களை அம்மா மனப்பாடம் செய்யச் சொன்னார் என்று ஒருவன் செய்கிறான். தனக்கு அடைத்திருப்பது எது என்று இருவருமே பார்க்கவில்லை.

முதலில் அதைப் பார்க்க வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாமல் நிற்பவன் வேறு. சொல்ல நிறைய இருந்தும், எழுதியது மோசமாக இருக்குமோ என்று பயந்து முதல் வரியையே பத்து முறை அடிப்பவள் வேறு. பாதிவரை ஓடி நடுவில் நிற்பவன் இன்னொரு ரகம். மூவருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்க முடியாது.

இந்த மூன்றில் எதற்கும் உதவாத வழிதான் இப்போது அதிகம் விலைபோகிறது: இடம் மாறுவது. சொந்தமாகக் கிளம்பி வருபவர்களோடு, இரண்டு நாள் தங்கும்விடுதி எடுத்துப் 'படைப்பாக்க முகாம்' நடத்துகிறவர்களும் பெருகிவிட்டார்கள். காலையில் வயல்வரப்பில் நடை, மதியம் ஊக்க உரை, மாலையில் ரெடாங் கடற்கரையில் நாணயம் கட்டிய சிவப்பு நாடாவை வேண்டுதல் மரத்தின்மேல் எறிந்துவிட்டுப் படம். இரவில் எழுத வேண்டும். எழுதியதைச் சில பெற்றோர் என்னிடம் காட்டுவது உண்டு. எல்லாவற்றிலும் வயல் பச்சைக் கம்பளமாக விரிகிறது, தென்றல் தாலாட்டுகிறது, சூரியன் கடலில் குளிக்கப் போகிறான். இவற்றை எழுத ஷா ஆலாமிலிருந்து எண்ணெய் செலவழித்து வரத் தேவையில்லை. டியூஷன் நோட்டிலேயே எல்லாம் இருக்கின்றன.

அழகான இடம் புதியவன் கண்ணில் முதலில் அவன் ஏற்கெனவே படித்த வாக்கியங்களாகத்தான் விழுகிறது. அதைத் தாண்டிப் பார்க்கக் கேள்வி கேட்க வேண்டும். இந்த வட்டார வயல்களில் கம்பத்தின்மேல் மரப்பெட்டிகளைக் காணலாம். எலியைப் பிடிக்கும் கூகைகள் குடியிருக்க வைத்த பெட்டிகள் அவை. ஜன்னல் இல்லாத உயரமான கட்டடங்களிலிருந்து ஓயாமல் குருவிச் சத்தம் வரும். உழவாரக் குருவிகளைக் கூடு கட்ட அழைக்கும் ஒலிப்பதிவு அது. அந்தக் கூடுதான் விலை உயர்ந்த சூப்பாகிறது. இரண்டிலும் கதை இருக்கிறது. ஆனால் இது என்ன பெட்டி என்று கேட்ட பிள்ளையை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். கேட்கிற பிள்ளைக்குக் கிள்ளானில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மின்தூக்கியே போதும்.

இடம்தான் எழுத வைக்கும் என்பவர்களுக்குப் பக்கத்துக் கோல சிலாங்கூர் மாவட்டத்திலிருந்து ஒருவரைக் காட்டுகிறேன். ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்தார். ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டார். 1917-இல் தெனமாராமில் அவர் நட்ட செம்பனைதான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். எழுத்தாளராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. எழுத ஓய்வு வேண்டும், ஓய்வுக்குப் பணம் வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் தோட்டத் தொழிலுக்கே வந்தார். காடும் ஆறும் வாசலில் இருந்தன. நாவல் அங்கே வரவில்லை. துனிசியாவில் குடியேறிய பிறகுதான் மலாயாவைப் பற்றிய 'மலேசி' வந்தது. 1930-இல் அது பிரான்சின் கோன்கூர் விருதைப் பெற்றபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பார்த்தீர்களா, அவரும் இடம் மாறித்தானே எழுதினார் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. மாறினார்தான், போகும்போது பல ஆண்டு வாழ்க்கையைக் கையோடு கொண்டுபோனார். இரண்டு நாள் முகாமில் கொண்டுபோக என்ன இருக்கிறது?

முகாமில் செலவழியும் பணம்கூடப் பெரிதில்லை. அங்கேயும் எழுத்து வராதபோது, 'இவ்வளவு செய்தும் வரவில்லையே, எனக்குத் திறமை இல்லை' என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்குப் பிடித்த வழி கெடுதான். இதில் நான் ஒருதலைப்பட்சமானவன். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் பலரும் அப்படித்தான். காலையில் பெரட்டுக்குப் பெயர் கொடுத்து, பால் வெட்டி, மாலையில் மண்ணெண்ணெய் விளக்கடியில் எழுதி ஞாயிறு பதிப்புக்கு அனுப்பிய தலைமுறை அது. அவர்களுக்கு வழி திறந்தவற்றில் ஒன்று, 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு. பயிற்சி வரும், எழுதி அனுப்ப வேண்டும், திருத்தம் வரும். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகள் சிலர் அங்கிருந்துதான் வந்தார்கள். பிறகு அதே பத்திரிகைக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, 1957-இல் ஊர் திரும்பும்வரை கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் நடத்தினார். எழுதியதை நாலு பேர் முன்னால் வைத்துப் பேசும் பழக்கம் அதில் வேர்பிடித்தது.

கெடு வைத்தால் கற்பனை செத்துவிடும் என்பார்கள். ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத முடியாமல் திணறிய பல்கலைக்கழக ஆசிரியர்களை மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவு எழுதவே கூடாது. ஒன்று மனம் வந்தபோது மட்டும் எழுதலாம். ஒன்று தினமும் எழுதியே ஆக வேண்டும், தவறினால் அவர்களுக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்கு அவர்களுடைய பணம் போய்விடும். கட்டாயத்தில் எழுதியவர்கள் அதிகம் எழுதியதில் வியப்பில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன. அப்படிக் கெடு வைத்து எழுத வைத்த தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. கெடுவை இனி நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். புலனத்தில் மூன்று நண்பர்கள் சேர்ந்து, வெள்ளி இரவுக்குள் ஒரு பக்கம் அனுப்பாதவன் மற்றவர்களுக்குத் தே தாரிக் வாங்கித் தருவது என்று வைத்துக்கொண்டாலே நடக்கும். பயத்தில் முதல் வரியை அடிக்கிறவளுக்கு இதுதான் மருந்து. மோசமான பக்கத்தையும் அனுப்பியாக வேண்டும் என்று வந்துவிட்டால் பயத்துக்கு நேரம் இருக்காது.

நடுவில் நிற்பவன் வடிவத்தை மாற்றிப் பார்க்கலாம். கதையாக வராதது கடிதமாக வரும், நாடகமாக வரும். 2015 ஜனவரியில், தன் 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்புகளுக்குப் பிறகு, இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தார் பெருமாள்முருகன். அந்த மௌனத்துக்குள் அவருக்குக் கைகொடுத்தது கவிதை. 'கோழையின் பாடல்கள்' 2016-இல் வந்தது. அதன் பிறகே 'பூனாச்சி' நாவல். அவருடைய துயரத்தையும் நம் போட்டிக் கதையையும் ஒன்றாக வைக்கவில்லை. வழியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்பதைப் பற்றிப் பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். பத்துத் தலைப்பு வேண்டுமானால் வாங்கிக்கொள், கதையை வாங்காதே. அதுவும் பச்சைக் கம்பளத்தைத்தான் விரிக்கும்.

சொல்ல ஒன்றுமே இல்லை என்பவன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டபோது எங்கே போனீர்கள், கோயில் சாமியை எப்படி எடுத்து வந்தீர்கள், கிராணி என்ன சொன்னார் என்று கேட்டால் போதும். முதல் நாள் பாட்டி ஒன்றும் சொல்ல மாட்டார். மூன்றாம் வாரம் நிறுத்த மாட்டார். இந்தப் பொறுமைதான் பெற்றோருக்கு வாய்ப்பதில்லை. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் வந்தது. அடுத்த நாவல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-இல். நடுவில் அந்தப் பதினைந்து ஆண்டுகளும் அவர் முகாமுக்குப் போனதாக நான் கேள்விப்படவில்லை. எல்லாப் பிள்ளையும் கதை எழுதித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நன்றாகப் பேசுகிற பிள்ளை பேசட்டும், படம் வரைகிறவள் வரையட்டும். சான்றிதழுக்காக எழுத்தில் தள்ளிய பிள்ளை, சான்றிதழ் கையில் வந்ததும் பேனாவை மூடிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு வரத்தான் போகிறோம் என்றால், சூரியன் மறையும் நேரத்துக்கு வராதீர்கள். படகு கரை சேரும் நேரத்துக்கு வாருங்கள். அது நீரேற்றத்தைப் பொறுத்தது. முந்தின நாள் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். மீனை இறக்கி எடைபோடுகிற இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு, அப்பா ஒரு மணி நேரம் காரிலேயே இருக்கட்டும். கூட நின்றால் பிள்ளை யாரிடமும் பேசாது.