கை சுடுகிறது, கேமரா இல்லை என்கிறது!

கேள்வி: ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வீட்டில் ஓதம் காக்கிறது. தெர்மல் கேமரா வாடகைக்கு எடுத்தேன். மாடியில் புது அலுமினிய ஷீட்டில் கை வைத்தால் சுடுகிறது. கேமராவோ 20 டிகிரி என்கிறது. பழுதா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: கேமராவைத் திட்டாதீர்கள். அது சூட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை. வருகிற அகச்சிவப்புக் கதிரை வாங்கிக் கணக்குப் போடுகிறது. பெயின்ட் அடித்த சுவரின் உமிழ்திறன், அதாவது தன் சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன், சுமார் 0.9. பளபளக்கும் அலுமினியத்துக்கு 0.1கூடத் தேறாது, மிச்சமெல்லாம் எதிரொளிப்பு. நீங்கள் அளந்தது ஷீட்டை அல்ல, அதில் தெரிந்த வானத்தை! கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை அழுத்தி ஒட்டி, பத்து நிமிடம் விடுங்கள். உமிழ்திறனை 0.95 என வைத்து, கிட்டே போய் டேப்பை மட்டும் பாருங்கள். எண் எகிறும்.

ஓதத்துக்கு எண்ணே வேண்டாம், வித்தியாசம் போதும். ஈரம் ஆவியாகும் இடம் பக்கத்துச் சுவரைவிடக் கொஞ்சம் குளிர்ந்து தெரியும். ஏ.சி. காற்று படும் இடமும் அப்படியே தெரிந்து ஏமாற்றும். ஈரமானியை வைத்து உறுதி செய்யாமல் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள்.

மொட்டை மாடியில் கதை தலைகீழ். அந்தப் புயலில், 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் உங்கள் பக்கத்து மயிலத்தில் கொட்டியது 51 செ.மீ. தட்டோட்டுக்கு அடியில் இறங்கிய தண்ணீர் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் காய்ந்த நாளில், பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் கழித்து, காற்று அடங்கியதும் ஏறிப் பாருங்கள். சுற்றிலும் ஆறியிருக்க, ஈரத் திட்டு மட்டும் சூடாக நிற்கும்.