மெட்ரோ வந்துடுமாம்!

கூடுவாஞ்சேரிக்குத் தெற்கே மனை பார்க்கப் போகிற யாரைக் கேட்டாலும் ஒரே பல்லவி: "மெட்ரோ வரப்போகுது சார். வந்துட்டா இந்த இடத்தைத் தொடவே முடியாது." கல்யாண வீட்டில் கேட்டாயிற்று, சலூனில் கேட்டாயிற்று. நான் ரயில்வே இயக்கப் பிரிவில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், "கரெக்டா எப்ப சார் வரும்?" என்று உபரியாக ஒரு கேள்வி. வீட்டுக்கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து கேட்கிறார்கள்!

எந்த மெட்ரோ, எதுவரை என்று முதலில் பாருங்கள். திட்டமிட்டிருப்பது விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை, 15.46 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்தோடு சரி. அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் போக வேண்டும். செங்கல்பட்டு அதற்கும் அப்பால். மனைப்பிரிவுப் பிரசுரத்தில் உங்கள் மனை வாசல்வரை இழுத்துவிட்டிருக்கும் அந்த நீலப் புள்ளிக்கோட்டைப் போட்டவர் டிசைனர், அரசாங்கம் அல்ல.

"திட்ட அறிக்கை ரெடியாம்" என்பார்கள். இருக்கட்டும். அறிக்கைக்கும் ரயிலுக்கும் நடுவில் மத்திய அரசின் ஒப்புதல், கடன், நிலம், வழக்கு, டெண்டர் எல்லாம் இருக்கின்றன. சென்னை மெட்ரோவின் முதல் கட்ட வேலை 2009இல் தொடங்கியது. கோயம்பேடு–ஆலந்தூர் முதல் வண்டி ஓடியது 2015 ஜூனில்; முதல் கட்டம் முழுதாக முடிந்தது 2019இல். இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் வந்தது 2024 அக்டோபரில். இத்தனையும் ஊருக்கு நடுவே ஓடும் தடங்களுக்கு.

பறக்கும் ரயிலைப் பாருங்கள். 2007இல் வேளச்சேரிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர், 2008இல் வேலையை ஆரம்பித்தார்கள். கடைசி அரைக் கிலோமீட்டர் நிலத் தகராறில் மாட்டி, பத்தாண்டுக்கு மேல் பாதை அந்தரத்தில் நின்றது. இதை நம்பி, வழியிலுள்ள ஆதம்பாக்கத்தில் அன்று வீடு வாங்கியவர்களை விசாரியுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். நாலாவது பாதை போடுவதற்காக அதே பறக்கும் ரயிலின் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை சேவையை 2023 ஆகஸ்டில் நிறுத்தியபோது ஏழு மாதம் என்றார்கள். மறுபடி வண்டி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். கிளாம்பாக்கம் பேருந்து நிலையமே 2023 டிசம்பரில் திறந்தபோது அதற்கான ரயில் நிலையம் தயாராக இல்லை. ஜனங்கள் ஊரப்பாக்கத்திலும் வண்டலூரிலும் இறங்கி, பெட்டி படுக்கையோடு ஆட்டோவிடம் பேரம் பேசினார்கள்.

யாரும் ஏமாற்றவில்லை; பெரிய வேலைகள் இழுக்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வருகிற ஜூனில் திறக்கிறது, தவணை அடுத்த மாதமே ஆரம்பிக்கிறது. இன்று ஓடுகிற வண்டியைப் பார்த்து வீடு வாங்குங்கள்.

அந்த வண்டி எப்படி ஓடுகிறது? கடற்கரையிலிருந்து கிளம்பும் மின்சார ரயில்களில் ஏராளமானவை தாம்பரத்தோடு திரும்பிவிடும்; செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. தாம்பரத்தில் ஒரு வண்டியை விட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும். மறைமலைநகரில் விட்டால் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். கடற்கரை–செங்கல்பட்டு அறுபது கிலோமீட்டர். எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. "ஒரு மணி நேரத்துல எக்மோர்" என்கிற தரகர் உங்களை அழைத்துப் போனது ஞாயிற்றுக்கிழமை வேனில், பிரியாணிப் பொட்டலத்தோடு.

இன்னொன்றை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார். தாம்பரத்துக்குத் தெற்கே உங்கள் லோக்கல் தனியாக ஓடவில்லை. நெல்லை, முத்துநகர், மலைக்கோட்டை என்று தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்கள் விடியற்காலையிலிருந்து வரிசை கட்டி உள்ளே நுழைவது நீங்கள் ஆபீஸுக்குக் கிளம்புகிற நேரத்தில்தான். மாலை ஏழரைக்கு மேல் அவையெல்லாம் வெளியே புறப்படும், நீங்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்து. ஒரு எக்ஸ்பிரஸ் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் கண்ட்ரோலர் யாரை நிறுத்துவார் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவது பாதை போட்ட பிறகு நிலைமை தேவலை, அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் விட்ட ஏசி ரயிலைக் காட்டி ஒரு வியாபாரம் நடக்கிறது. சாதாரண சீசன் டிக்கெட்டோடு அதில் ஏற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ஆகவே திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நீங்கள் வாங்கப்போகிற ஊரின் நடைமேடையில் போய் நில்லுங்கள். அன்று இரவு எழும்பூரிலிருந்து திரும்புங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பலகையில் பாருங்கள். இறங்கிய பிறகு ஷேர் ஆட்டோ இருக்கிறதா என்றும் பாருங்கள். மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால் அவரையும் அழைத்துப் போங்கள், முடிவை அவரே சொல்லட்டும்.

தரகர்கள் சொல்லும் மற்ற கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. "டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கு, கண்ணை மூடிட்டு வாங்கலாம்": அந்த அனுமதி சாலை அகலத்துக்கும் மனை அமைப்புக்கும் பூங்காவுக்கு விட்ட இடத்துக்கும், விற்கிறவர்தான் உரிமையாளர் என்பதற்கு அல்ல. தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வக்கீலிடம் கொடுங்கள். "ஊருக்கு வெளியே வெள்ளம் வராது": 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்களே, அது ஊருக்கு உள்ளேயா? மனையை நவம்பரில் போய்ப் பாருங்கள். "வாடகை மிச்சம்": ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்கூட்டர், அதற்கு ஸ்டாண்ட் காசு, மழை நாளில் ஆட்டோ. கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

நான் மனை பார்ப்பவர்களைக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்? ஜி.எஸ்.டி. சாலை ஒரு பக்கம், மலிவான மனை மறுபக்கம் என்றால் நடுவில் லெவல் கிராசிங் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டை அடைத்துப் பூட்டாமல் ஓட்டுநருக்கு சிக்னல் கிடைக்காது, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வண்டிகள் கூடக் கூட கேட் திறந்திருக்கும் நேரம் குறையும். அவசரத்தில் பைக்கைச் சாய்த்து, தடுப்புக்கு அடியில் நுழைத்து, காதில் இயர்போனோடு தாண்டுகிறார்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி இது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும். வேகமாக வருகிற வண்டி, பிரேக் போட்ட பிறகும் சில நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். கீழே கிடப்பவரின் பையில் டிபன் பாக்ஸ் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மெட்ரோ கேட்டு மனுமேல் மனு போடுகிற குடியிருப்போர் சங்கங்கள் ஒரு சுரங்கப்பாதை கேட்டு எத்தனை மனு போட்டிருக்கின்றன? மேம்பாலமோ சுரங்கப்பாதையோ, வழக்கமாகத் தண்டவாளப் பகுதியை ரயில்வே கட்டும். இருபக்க அணுகுசாலையை மாநில அரசு கட்டும். ஒருவர் முடித்து மற்றவர் முடிக்காவிட்டால் பாலம் பாதியில் நிற்கும். அதனால் ரயில்வே கோட்ட மேலாளருக்கு ஒரு மனு, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு, இரண்டும் ஒரே நாளில் போக வேண்டும். லெவல் கிராசிங் எண்ணை மறக்காமல் எழுதுங்கள், கேட் கீப்பர் அறையிலேயே போட்டிருக்கும்.