கடல் கடந்த ரயிலும் பேசாத சகோதரரும்



நம் காஞ்சிபுரத்துக் கோர்வைத் தறியைப் பார்த்திருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெய்கிறவருக்கு உதவியாக இன்னொருவர் பக்கத்திலிருந்து நாடாவைத் தள்ளிக் கொடுத்தால்தான் உடலும் கரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அண்ணனும் தம்பியுமாக இவ்வேலையைச் செய்த வீடுகள் உண்டு. தகப்பனார் கண்ணை மூடியதும் பாகப்பிரிவினை வருகிறது. வீட்டின் நடுவே சுவர் எழுப்பலாம். தறிக்குழியை எப்படிப் பாதியாக்குவது? அந்தச் சண்டையில் பேச்சு நின்றுபோகிறது. ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நீண்ட ரயில் பயணம் நல்ல மருந்து என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வீட்டில் கோபம் வந்தால் எழுந்து வெளியே போய்விடலாம்; ஓடுகிற ரயிலில் எங்கே போவது? கட்டுச்சோற்றை அவிழ்த்துவிட்டு, எதிரே இருப்பவருக்குக் கொடாமல் எப்படிச் சாப்பிடுவது?

நம்மவர் அயல்நாடு போன ரயில் ஒன்று இருந்தது. போட் மெயில் என்பார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மறுபடியும் ரயில் ஏறிக் கொழும்பு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து போயிற்று.

அதே வருஷம் அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியப் பிரஜைகள், 3,00,000 பேர் இலங்கைப் பிரஜைகள் என்று தீர்மானமாயிற்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் இங்கே வர, மற்றவர் அங்கேயே தங்கும்படி நேர்ந்தது. மனஸ்தாபத்தோடு பிரிந்து, 'அடுத்த வருஷம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்றிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 1980-களில் யுத்தம் வந்து அந்தக் கப்பலும் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டது 2023-லேதான். அதற்குள் எத்தனை அண்ணன்மார் மண்ணுக்குள் போனார்களோ!

வேதாகமத்திலே யாக்கோபு இருக்கிறான். அண்ணன் ஏசாவை ஏமாற்றிவிட்டு அந்நிய தேசத்துக்கு ஓடி, 20 வருஷம் கழித்துத் திரும்புகிறான். பயத்தினால் 550-க்கு மேற்பட்ட ஆடு, மாடு, ஒட்டகம், கழுதைகளை முன்னே காணிக்கையாக அனுப்புகிறான். அண்ணனோ 400 ஆட்களோடு வருகிறான். யாக்கோபு ஏழு தரம் விழுந்து வணங்க, ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறான். கைவிட்டுப்போன தலைச்சன் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டதாக ஆதியாகமத்தில் இல்லை. அன்றைக்குக் கணக்கை எடுத்திருந்தால் இருட்டும்வரை முடிந்திராது!

இன்னொன்றும் கவனியுங்கள். அதன்பின் இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கவில்லை. ஏசா சேயீருக்குப் போனான். தம்பி சுக்கோத்துக்குப் போனான். ஆனால் தகப்பன் ஈசாக்கு இறந்தபோது இருவருமாகச் சேர்ந்தே அடக்கம் செய்தார்கள். சில வீடுகளில் இவ்வளவு நடந்தாலே பெரிது.

ஆகையால் இந்த வருஷம் நீங்கள் வேளாங்கண்ணிக்குப் புறப்படும்போது அடுத்த வீட்டுத் தம்பியையும் கூப்பிடுங்கள். டிக்கெட்டை நீங்களே எடுங்கள். கட்டுச்சோறு இரண்டு குடும்பத்துக்கும் இருக்கட்டும். செங்கல்பட்டில் ரயில் ஏறியபின் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவிட்டு, நீங்கள் இருவரும் எதிரெதிரே உட்காருங்கள். தறிக்குழிப் பேச்சை மட்டும் விழுப்புரம் தாண்டும்வரை எடுக்கவேண்டாம்.