பழைய விமானம், புதிய இயந்திரம்

கீழ்க்காணும் பகுதியை வாசித்து, தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடை எழுதுக.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரிகளை நாம் அறிவோம். அத்தகைய லாரியின் இயந்திரம் பழுதடைந்தால், வேறோர் இயந்திரத்தைப் பொருத்தலாம். ஆனால், பொருத்திய உடனே அதைச் சாலையில் ஓட்ட முடியாது. லாரி பரிசோதனையில் தேற வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் புதிய இயந்திர எண் இடம்பெற வேண்டும். தரையில் ஓடும் லாரிக்கே இத்தனை விதிகள் என்றால், வானில் பறக்கும் விமானத்திற்கு எத்தனை விதிகள் இருக்கும்!

ஒவ்வொரு விமான வகைக்கும் 'வகைச் சான்றிதழ்' உண்டு. அந்த வகையின் இயந்திரம், எடை, வேகம் முதலியவற்றின் வரம்புகள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பழைய விமானத்தில் வேறு வகை இயந்திரத்தைப் பொருத்த விரும்புவோர் பொதுவாகத் 'துணை வகைச் சான்றிதழ்' பெற வேண்டும். நம் நாட்டில் பதிவு பெற்ற விமானங்களில் செய்யப்படும் இத்தகைய மாற்றங்களுக்கு மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் தேவை.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன்? இயந்திரம் மாறினால் விமானமே மாறிவிடுகிறது. புதிய இயந்திரம் கனமாக இருந்தால், மூக்குப் பகுதி தாழ்ந்து சமநிலை கெடும். ஆற்றல் கூடினால், இயந்திரத்தைத் தாங்கும் சட்டம் அதிக விசையைத் தாங்க வேண்டும். எரிபொருள் செலவும் வெப்பமும் மாறும். ஆகவே, பொறியியலாளர்கள் முதலில் கணக்கிடுகின்றனர். பிறகு தரையிலும் வானிலும் சோதிக்கின்றனர். இறுதியில் விமானியின் கையேட்டையும் திருத்துகின்றனர். 145 குதிரைத்திறன் இயந்திரத்துடன் 1956இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 வகைப் பழைய விமானங்கள் சில, இம்முறையில் ஒப்புதல் பெற்று 180 குதிரைத்திறன் இயந்திரத்துடன் பறக்கின்றன.

கனடாவின் ஹார்பர் ஏர் நிறுவனம் இன்னும் துணிச்சலான முயற்சியில் இறங்கியது. 1950களில் தயாரான பீவர் வகைக் கடல் விமானம் ஒன்றில் 450 குதிரைத்திறன் பெட்ரோல் இயந்திரத்தை நீக்கிவிட்டு, 750 குதிரைத்திறன் மின்விசைப்பொறியைப் பொருத்தியது. 2019 டிசம்பர் 10ஆம் நாள் நிறுவனரே அதை ஓட்டிப் பறந்து காட்டினார். 2022 ஆகஸ்டில் அது 72 கிலோமீட்டர் தூரத்தை 24 நிமிடங்களில் கடந்தது. எனினும், 2024ஆம் ஆண்டிலும் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. மின்கலங்களின் எடை, வெப்பம், சேமிப்புத் திறன் ஆகிய அனைத்தும் பாதுகாப்பானவை என மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

இத்தாமதம் முயற்சியாளருக்குப் பணச் செலவையும் மனச்சோர்வையும் தரலாம். ஆனால், பழுதான லாரியைச் சாலையோரம் நிறுத்துவதுபோல் விமானத்தை வானில் நிறுத்த இயலாது. 'ஆழமறியாமல் காலை விடாதே' என்பது நம் முன்னோர் மொழி. ஒருமுறை பறந்து காட்டுவது சாதனை. ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் தரையிறங்கும் என மெய்ப்பிப்பதே சான்றிதழ்.

அருஞ்சொற்பொருள்
வரம்பு – எல்லை
மெய்ப்பித்தல் – உண்மையென நிறுவுதல்

கேள்விகள்
1. வகைச் சான்றிதழில் குறிக்கப்படுபவை யாவை?
2. இயந்திரம் மாறும்போது விமானத்தில் ஏற்படும் மாற்றங்கள் இரண்டனை எழுதுக.
3. பீவர் விமானம் வெற்றிகரமாகப் பறந்த பின்னும் ஒப்புதல் தாமதமானது முறையா? உமது கருத்தைக் காரணத்துடன் விளக்குக.